ஜெய்சல்மேர்: பாலையில் நீர் தேக்கி எழுந்த ஊர்

தார்ப் பாலைவனம் இந்தியாவின் வடமேற்கிலும் பாகிஸ்தானின் கிழக்கிலும் சுமார் 2,00,000 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கிறது. அதன் பெரும்பகுதி இந்தியாவில், குறிப்பாக மேற்கு ராஜஸ்தானில் இருக்கிறது. படங்களில் காணும் அலையலையான மணற்குன்றுகள் இந்நிலத்தின் ஒரு பகுதி மட்டுமே. பாறைத் திட்டுகள், சரளை வெளிகள், முள்மரக் காடுகள், உப்புப் படுகைகள், மழைக்குப் பின் சில வாரங்கள் பச்சை கட்டும் புல்வெளிகள் எல்லாம் சேர்ந்ததுதான் தார். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஜெய்சல்மேர் வட்டாரத்திலோ 200 மில்லிமீட்டர்கூடக் கிடைப்பதில்லை. சில ஆண்டுகளில் அதுவும் பொய்த்துவிடும். ஆனாலும் உலகின் பாலைவனங்களுள் மக்கள் மிக நெருக்கமாக வாழும் நிலங்களில் இதுவும் ஒன்று. எங்கே மழைநீரைப் பிடித்து வைக்க முடிந்ததோ, எந்த வழியாக ஒட்டகங்கள் சரக்கு சுமந்து போயினவோ, அங்கே ஊர்கள் எழுந்தன. இந்த இரண்டும் சந்தித்த இடங்களில் தலைசிறந்தது ஜெய்சல்மேர்.

இந்நிலத்தின் வரலாறு மனிதருக்கு வெகுகாலம் முன்பே தொடங்குகிறது. ஜெய்சல்மேரிலிருந்து பார்மேர் செல்லும் சாலையில் 17 கிலோமீட்டர் தொலைவில் ஆகல் என்ற சிற்றூர் இருக்கிறது. அதன் அருகே வெட்டவெளியில் பெரும் மரத்தண்டுகள் கல்லாகிக் கிடக்கின்றன. அவற்றுள் மிகப் பெரியது 13 மீட்டருக்கு மேல் நீளமானது. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் கல்மரங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. ஆனால் திருவக்கரை மரங்களின் வயது சுமார் 2 கோடி ஆண்டுகள். ஆகல் மரங்களோ ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகள் பழையவை, ஜுராசிக் காலத்தவை. இன்று முட்புதர்கூட அரிதான இந்த மேட்டில் அன்று ஈரமும் வெப்பமும் நிறைந்த காடு இருந்தது. பின்னர் கடல் ஏறி வந்து, தன் அடியில் சுண்ணாம்புப் படிவுகளை விட்டுச் சென்றது. ஜெய்சல்மேரின் மஞ்சள் கல் அந்தக் கடல் தந்தது. கோட்டையும் மாளிகையும் கோயிலும் இன்றைய புதுவீடும் எழுப்பப்படுவது இக்கல்லால்தான். மாலை வெயிலில் ஊர் முழுவதும் பொன்னிறம் கொள்வதும் இதனால்தான். ஜெய்சல்மேருக்கு வடமேற்கே ஹாபூர் என்னும் ஊரில் கிடைக்கும் கல்லில் கடல் உயிர்களின் ஓட்டுப் படிவங்களை வெறுங்கண்ணாலேயே காணலாம். அக்கல்லில் குடைந்த கிண்ணத்தில் பாலை ஊற்றி வைத்தால் உறை விடாமலே தயிராகும் என்பது உள்ளூர் மக்களின் நம்பிக்கை.

ஜெய்சல்மேருக்கு முன்பு பாட்டி ராஜபுத்திரர்களின் தலைநகர் லோதுர்வா. இன்றைய நகரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் வடமேற்கே, மழைக்காலத்தில் மட்டும் ஓடும் காக் ஆற்றின் கரையில் அது இருந்தது. நீருக்கும் வணிகத்துக்கும் வசதியான இடம். காவலுக்கோ வசதியற்ற இடம். படையெடுப்புகள் அதைச் சீர்குலைத்தன. இன்று அங்கே எஞ்சியிருப்பவற்றுள் முதன்மையானது 17ஆம் நூற்றாண்டில் புதுப்பித்துக் கட்டப்பட்ட பார்சுவநாதர் சமணக் கோயில். அதன் வாயிலில் நிற்கும் தோரணத்தின் வேலைப்பாடு, அதற்காகவே லோதுர்வா வரை போகலாம் என்று சொல்லத்தக்கது. மூமல் என்ற இளவரசியும் அமர்கோட்டின் மகேந்திரனும் காதலித்துப் பிரிந்த கதையை மேற்கு ராஜஸ்தானும் சிந்துவும் இன்றும் பாடுகின்றன. அந்தக் கதை நிகழ்ந்ததும் இந்தக் காக் ஆற்றங்கரையில்தான்.

1156இல் ராவல் ஜைசல் தலைநகரைத் திரிகூடம் என்ற குன்றின்மீது மாற்றினார். சமவெளியிலிருந்து சுமார் 76 மீட்டர் உயர்ந்து நிற்கும் அந்தக் குன்றின் உச்சியில் எழுந்த கோட்டையே ஜெய்சல்மேர். ஈசால் என்ற துறவி இடத்தைக் காட்டியதாகவும், கண்ணன் தன் சக்கரத்தால் பாறையைப் பிளந்து அங்கே கிணறு உண்டாக்கியதாகவும் மரபுக் கதை சொல்கிறது. பாட்டி ராஜபுத்திரர்கள் தங்களை யாதவ குலத்தவர் என்று சொல்லிக்கொள்வதால் கதையில் கண்ணன் வருவதில் வியப்பில்லை. எனினும் பாலையின் அரச வம்சக் கதை ஒரு கிணற்றில் தொடங்குவதைக் கவனிக்க வேண்டும். குன்று எவ்வளவு உயரமானாலும் மேலே நீர் இல்லையென்றால் அது கோட்டை ஆகாது. கண்ணன் தோண்டியதாகச் சொல்லப்படும் ஜைசலு கிணறு கோட்டைக்குள் இன்றும் இருக்கிறது.

கோட்டைக்கு 99 கொத்தளங்கள். அவற்றுள் பெரும்பாலானவை 17ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டவை. சரிவான பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக நான்கு வாயில்களைக் கடந்து ஏற வேண்டும். எதிரியின் யானையும் குதிரையும் நேராகப் பாய்ந்து வராதபடி பாதை வளைத்து அமைக்கப்பட்டிருக்கிறது. கொத்தளங்களின் மேல் உருண்டைக் கற்கள் இன்றும் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. முற்றுகையிடுவோர்மீது உருட்டிவிட வைத்தவை அவை. கட்டுமானத்தில் சாந்து மிகக் குறைவு. கல்லோடு கல் கோத்து, பல இடங்களில் இரும்புப் பிணைப்பால் இறுக்கியிருக்கிறார்கள். சுண்ணாம்பு நீற்ற விறகும் குழைக்க நீரும் அரிதான நாட்டில் கல்தச்சர்கள் கண்ட வழி அது.

கோட்டைக்குள் 12 முதல் 15 வரையிலான நூற்றாண்டுகளில் எழுந்த ஏழு சமணக் கோயில்கள் ஒரு தொகுதியாக நிற்கின்றன. அரசர்கள் இராஜபுத்திரர்கள், கோயில்களுக்குப் பொருள் தந்தவர்கள் சமண வணிகர்கள். அந்தக் கோயில்களின் நிலவறையில் 15ஆம் நூற்றாண்டில் ஜினபத்திர சூரி என்ற சமண ஆசாரியர் நிறுவிய ஞான பண்டாரம் என்னும் சுவடி நூலகம் இருக்கிறது. பனை வளராத பாலையில் ஆயிரம் ஆண்டு பழைய பனையோலைச் சுவடிகளைக் காப்பது சாதாரணக் காரியமல்ல. 1060ஆம் ஆண்டில் எழுதப்பட்டு ஓவியம் தீட்டப்பட்ட சுவடி இத்தொகுப்பின் பெருமை. குஜராத்திலும் பிற இடங்களிலும் நூலகங்கள் அழிந்த காலத்தில் இந்தத் தொலைவும் வறண்ட காற்றும் சுவடிகளுக்கு அரணாயின. கல் மதிலைவிட அதுவே உறுதியான காவலாக இருந்தது.

ஜெய்சல்மேரின் போர் நினைவுகள் ‘இரண்டரை சாகா’ என்ற பெயரில் வழங்குகின்றன. தோல்வி உறுதியானபோது பெண்கள் தீப்புகுவதும் ஆண்கள் வாயிலைத் திறந்து இறுதிப் போருக்குப் போவதும் சாகா. முதல் இரண்டும் டெல்லி சுல்தான்களின் முற்றுகைக் காலத்தில் நிகழ்ந்தவை. மூன்றாவது 16ஆம் நூற்றாண்டின் நடுவில், ராவல் லூண்கரணின் காலத்தில் நடந்தது. நண்பனாக வந்த அமீர் அலி கோட்டைக்குள் ஆட்களைப் புகுத்தித் தாக்கினான். தீ மூட்டவும் நேரமில்லாமல் பெண்கள் தங்கள் ஆண்களின் வாளாலேயே மாண்டார்கள். பின்பு உதவிப்படை வந்து கோட்டை பிழைத்தது. அதனால் அது அரைச் சாகா. வீரக்கதையாகப் பாடப்படும் இதில் அழிந்த பெண்களின் பெயர்களில் பெரும்பாலானவை எங்கும் பதிவாகவில்லை என்பது வேதனைக்குரியது.

முற்றுகைகள் எப்போதாவது வந்தவை. நீர்த் தட்டுப்பாடு ஒவ்வோர் ஆண்டும் வந்தது. அதை எதிர்கொண்ட அறிவே இவ்வூரின் பெரிய வரலாறு.

பாலை மக்கள் நீரை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். வானிலிருந்து நேரே கிடைத்துக் குளத்திலும் தொட்டியிலும் தேங்குவது பாலர் நீர். மிக ஆழத்தில் நிலத்தடியில் இருப்பது பாதாள நீர். அது பெரும்பாலும் உப்பு. இவை இரண்டுக்கும் இடையே மணலில் ஊறி நிற்கும் ஈரம் ரேஜாணி நீர். சில இடங்களில் மணலுக்குக் கீழே ஜிப்சம் படிவு தட்டையாகப் பரவியிருக்கிறது. மணலில் இறங்கும் மழை அப்படிவைத் தாண்டிப் போய் உப்பு நீரில் கலந்துவிடாமல் அங்கேயே தங்குகிறது. அந்தப் படிவு எங்கே இருக்கிறது என்று கண்டறிந்து, ஓர் ஆள் குந்தி உட்கார்ந்து வெட்டும் அளவே உள்ள குறுகிய கிணறுகளைத் தோண்டினார்கள். வாய் குறுகலாக இருந்தால் நீர் ஆவியாவது குறையும், மணலும் சரியாது. சுற்றுமணலிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கசியும் நீர் ஓர் இரவில் சில குடங்கள் அளவு சேரும். ஒரே இடத்தில் பல குடும்பங்களுக்குத் தனித்தனிக் கிணறு இருந்தாலும், புதிதாக ஒன்று தோண்ட ஊரின் ஒப்புதல் வேண்டும். அடியில் இருக்கும் ஈரம் எல்லோருக்கும் பொது அல்லவா? இந்த அறிவை அனுபம் மிஸ்ரா 1995இல் ‘ராஜஸ்தான் கீ ரஜத் பூந்தே’ என்ற இந்தி நூலில் அக்கறையோடு பதிவு செய்தார்.

நகருக்குத் தென்கிழக்கே இருக்கும் கடீசர் ஏரி பாலர் நீரின் பெருங்களஞ்சியம். 14ஆம் நூற்றாண்டில் ராவல் கட்சி சிங் அதை இன்றைய வடிவில் அமைத்தார். பல கிலோமீட்டர் சுற்றளவுள்ள பாறைநிலத்தில் விழும் மழை தாழ்வான இந்த இடத்துக்கு ஓடி வருகிறது. ஏரி நிரம்பினால் வழியும் நீர் வீணாகாமல் அடுத்தடுத்த குளங்களுக்குப் போகும். தமிழ்நாட்டு ஏரிச் சங்கிலியை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டியதில்லை. நீர்வரத்து நிலத்தில் அசுத்தம் செய்யாமல் காப்பது ஊரின் கட்டுப்பாடு. படித்துறைகள், கோயில்கள், மண்டபங்கள் என்று ஏரிக்கரையே ஒரு சிறு நகரம். கரையில் நிற்கும் திலோன் வாயில், திலோன் என்ற கணிகை தன் செல்வத்தில் கட்டியது. அவள் கட்டிய வாயிலின் வழியே நீர் எடுக்கப் போவது இழுக்கு என்று அரச குடும்பம் எதிர்த்ததாம். மேலே ஒரு கண்ணன் கோயிலை அவள் அமைத்துவிட்டதால் எவராலும் இடிக்க முடியவில்லை என்பது ஊர்க்கதை. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நகர் குடித்தது கடீசர் நீரைத்தான். குழாய் வந்ததும் அதன் காவலும் கட்டுப்பாடும் தளர்ந்தன. இன்று அங்கே படகுச் சவாரி நடக்கிறது.

மழை குறைந்த நாட்டில் கோதுமை விளைவித்தவர்கள் பாலிவால் பிராமணர்கள். மார்வாரின் பாலி நகரிலிருந்து பெயர்ந்து வந்த அவர்கள் ஜெய்சல்மேர் நாட்டில் 84 ஊர்களை அமைத்ததாகச் சொல்லப்படுகிறது. அவர்களது முறை கடீன். பாறைச் சரிவின் அடியில், தாழ்நிலத்தின் குறுக்கே நீண்ட மண்கரை எழுப்புவார்கள். சில நாள் மழையில் சரிவிலிருந்து ஓடிவரும் நீரும் வண்டலும் கரைக்குப் பின்னால் தேங்கும். நீர் மண்ணில் முழுவதும் இறங்கி, மேற்பரப்பு காய்ந்ததும் கார்த்திகை வாக்கில் கோதுமையோ கொண்டைக்கடலையோ விதைப்பார்கள். அதன்பின் பாசனமே கிடையாது. மண்ணில் ஊறிய ஈரத்திலேயே பயிர் விளைந்துவிடும். ஆண்டுதோறும் வண்டல் படிவதால் நிலம் சத்தும் இழப்பதில்லை. கடீன்கள் பல இன்றும் விளைகின்றன. மேற்கு ராஜஸ்தானில் வேளாண் அறிவியலாளர்கள் இம்முறையை ஆராய்ந்து பரிந்துரைத்திருக்கிறார்கள்.

அந்த 84 ஊர்களில் ஒன்றான குல்தரா, ஜெய்சல்மேருக்கு மேற்கே சுமார் 18 கிலோமீட்டரில் பாழடைந்து கிடக்கிறது. நேரான தெருக்கள், கூரையிழந்த நூற்றுக்கணக்கான கல்வீடுகள், நடுவே ஒரு கோயில், வெளியே நடுகற்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திவான் சாலிம் சிங் ஊர்த்தலைவரின் மகள்மீது கண் வைத்ததாகவும், 84 ஊர் மக்களும் ஒரே இரவில் சாபமிட்டு வெளியேறியதாகவும் வழிகாட்டிகள் சொல்கிறார்கள். பேய்க்கதைகளும் அதனுடன் ஒட்டிக்கொண்டன. சாலிம் சிங் கொடுங்கோலன் என்பதில் ஐயமில்லை. அவன் பாலிவால்களிடம் வரியாகப் பிழிந்ததை கர்னல் ஜேம்ஸ் டாட் 1829-32இல் வெளியான தன் ராஜஸ்தான் வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஆனால் ஊர் ஓர் இரவில் காலியாகவில்லை. மக்கள்தொகை பல பத்தாண்டுகளாகக் குறைந்து வந்தது. 1890 வாக்கிலும் சிலர் அங்கே குடியிருந்தார்கள். கடும் வரி, வற்றிய கிணறுகள், நொடித்த வணிகம் எல்லாம் சேர்ந்து அவர்களை விரட்டின. நிலநடுக்கம் ஒரு காரணமாக இருக்கலாம் என்ற கருத்தும் உண்டு. பேயைத் தேடி இரவில் குல்தரா போகிறவர்கள், பகலில் அருகிலுள்ள கடீன் கரைகளைப் பார்ப்பதில்லை. பாலிவால்கள் விட்டுச்சென்ற உண்மையான செல்வம் அந்த மண்கரைகளே.

வேளாண்மை வயிற்றை நிரப்பியது. நகரை வளர்த்தது ஒட்டகச் சாத்து. சிந்துவுக்கும் குஜராத்துக்கும் மால்வாவுக்கும் டெல்லிக்கும் இடையே போகும் வழிகளில் ஜெய்சல்மேர் தங்குமிடமாகவும் சுங்கச் சாவடியாகவும் இருந்தது. பட்டு, துணி, நறுமணப் பொருள், உலர்பழம், நெய், கம்பளி, குதிரை ஆகியவற்றோடு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மால்வா அபினும் சேர்ந்தது. பிரிட்டிஷாரின் கட்டுப்பாட்டைத் தவிர்க்க அபின் வணிகர்கள் பாலி, ஜெய்சல்மேர், கராச்சி வழியாகச் சரக்கை டாமனுக்கு அனுப்பினார்கள். இந்தப் பணத்தின் ஒரு பகுதி மஞ்சள் கல்லாகவே மாறியது. குமான் சந்த் பட்வா 1805இல் தன் ஐந்து மகன்களுக்காகத் தொடங்கிய ஐந்து மாளிகைகள் கட்டி முடிய ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆனது. சந்தனமரத்தில் செதுக்க அஞ்சும் நுணுக்கத்தை அவற்றின் முகப்பில் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். சிலாவட் என்னும் முஸ்லிம் கல்தச்சர்களின் கைவேலை அது. 1885இல் முடிந்த நத்மல் மாளிகையில் ஹாத்தி, லாலு என்ற இரு சகோதரர்கள் ஆளுக்கொரு பக்கமாகச் செதுக்கினார்கள். ஒத்திருப்பதுபோல் தோன்றும் இரு பக்கங்களும் கூர்ந்து பார்த்தால் வேறுபடும். துளைகள் நிறைந்த கல் சாளரங்கள் அழகுக்காக மட்டும் அமைந்தவை அல்ல. வெயிலைத் தடுத்துக் காற்றை விரைவுபடுத்தி வீட்டைக் குளிர்விக்கின்றன.

வீழ்ச்சி பல திசையிலிருந்தும் வந்தது. 1818இல் ஜெய்சல்மேர் பிரிட்டிஷாருடன் உடன்படிக்கை செய்துகொண்டது. 1843இல் சிந்து அவர்கள் கைக்குப் போனதும் அபின் வழி அடைபட்டது. பம்பாய்த் துறைமுகமும் இரயிலும் சரக்கை வேறு திசைக்கு இழுத்தன. வணிகர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு பெருநகரங்களுக்குப் போனார்கள். 1899-1900 பஞ்சம் விக்ரம ஆண்டுக் கணக்கில் 1956இல் வந்ததால் ‘சப்பனியா’ என்ற பெயரில் இன்றும் நினைவில் நிற்கிறது. அந்தப் பத்தாண்டில் சமஸ்தானத்தின் மக்கள்தொகை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. 1947இல் எல்லைக்கோடு விழுந்தபோது மேற்கே போகும் வழிகள் மூடின. பிறகு 1965, 1971 போர்கள். 1971 டிசம்பரில் லோங்கேவாலா சாவடியில் நடந்த சண்டை இப்பகுதியில்தான். போர்த் தேவைகள் சாலையையும் இரயிலையும் இழுத்து வந்தன. 1974இல் சத்யஜித் ராயின் ‘சோனார் கெல்லா’ படம் வெளியானபின் வங்காளிகள் கோட்டையைக் காணத் திரண்டார்கள். சாத்து போன வழியில் பயணிகள் வந்தார்கள். ஹரிகே அணையில் தொடங்கும் இந்திரா காந்தி கால்வாயின் வேலை 1958இல் ஆரம்பித்தது. அது இமய நதிகளின் நீரை மோகன்கர் வரை கொண்டு வந்தது. வயல்கள் விரிந்தன, கூடவே சில இடங்களில் நீர் தேங்கி நிலம் உப்பேறியது.

ஊரைச் சுற்றியுள்ள இயற்கைக் காட்சிகளுள் பலரும் முதலில் தேடுவது மேற்கே 40 கிலோமீட்டரில் இருக்கும் சாம் மணற்குன்றுகள். கூட்டமும் இரைச்சலும் வேண்டாதவர்களுக்குத் தென்மேற்கே கூரி நல்லது. இவ்விரண்டையும் ஒட்டி 3,162 சதுர கிலோமீட்டரில் பாலைவனத் தேசியப் பூங்கா பரவியிருக்கிறது. அதில் மணற்குன்று ஐந்தில் ஒரு பங்குதான். எஞ்சியது புல்வெளியும் பாறையும். அந்தப் புல்வெளி கானமயிலின் கடைசிப் புகலிடங்களுள் முதன்மையானது. ஒரு காலத்தில் தக்காணம் முழுவதும் திரிந்த இந்தப் பெரும்பறவை இன்று 150க்கும் குறைவு. பறக்கும்போது முன்னால் இருக்கும் மின்கம்பிகளைக் காணாமல் மோதி மடிவது பெருங்காரணம். 2019இல் சாமில் தொடங்கிய இனப்பெருக்க மையத்தில் குஞ்சுகள் பொரிந்துள்ளன. ஃபலோதி அருகே கீச்சன் ஊரில் குளிர்காலம் முழுவதும் ஆயிரக்கணக்கான குர்ஜா கொக்குகளுக்கு ஊர் மக்கள் தானியம் இறைக்கிறார்கள். அந்தப் பழக்கம் இப்பாலையின் நெஞ்சைக் காட்டுகிறது.

அதே நெஞ்சின் பழைய சான்று ஜோத்பூருக்கு அருகே கேஜட்லி. 1730இல் அரண்மனைக்குச் சுண்ணாம்பு நீற்ற விறகு வேண்டி மரம் வெட்ட வந்தவர்களைத் தடுத்து, மரங்களைக் கட்டிக்கொண்டு 363 பிஷ்ணோய் மக்கள் உயிர்விட்டார்கள். முதலில் நின்றவர் அம்ருதா தேவி. அந்த மரம் கேஜ்ரி, தமிழில் வன்னி. பாலையில் நிழலும் தீவனமும் தரும் வன்னியின் காய் சாங்கரி என்ற பெயரில் இன்றும் விருந்துக் கறி. சப்பனியாப் பஞ்சத்தில் அதன் பட்டையை அரைத்து உண்டவர்களும் உண்டு.

பிற ஊர்களையும் சுருக்கமாகச் சொல்லலாம். 1459இல் ராவ் ஜோதா தொடங்கிய ஜோத்பூரின் மெஹ்ரான்கர் கோட்டை, பழம் எரிமலைப் பாறையின் மீதே நிற்கிறது. அதன் அடிவாரத்தில் சீமைக்கருவேலத்தை வேரோடு அகற்றி, பாலைக்குரிய செடிகளை மீட்ட பாறைப் பூங்கா தமிழ்நாட்டவர் கட்டாயம் பார்க்க வேண்டியது. ஜோத்பூருக்கு வடக்கே ஓசியானில் 8ஆம் நூற்றாண்டு முதலான கோயில்கள் உள்ளன. 1488இல் ராவ் பீகா நிறுவிய பிகானேரின் ஜூனாகர் குன்றில்லாத சமநிலத்தில் அகழியை மட்டும் நம்பி எழுந்தது.

ஜெய்சல்மேர் கோட்டைக்குள் சில ஆயிரம் பேர் இன்றும் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். 2013இல் யுனெஸ்கோ, ராஜஸ்தானின் மற்ற ஐந்து மலைக்கோட்டைகளோடு இதையும் உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அதன் பெரிய ஆபத்து நீர். குடத்தில் சுமந்த காலத்தில் ஒவ்வொரு வீடும் செலவழித்த நீர் சொற்பம். குழாயும் கழிப்பறைகளும் பயணியர் விடுதிகளும் பெருகியபின் கழிவுநீர் பழைய வடிகால்களில் கசிந்து குன்றின் களிமண் அடுக்குகளில் ஊறியது. சாந்தில்லாத சுவர்களும் கொத்தளங்களும் நெகிழ்ந்தன. 1990களில் சில சரிந்தன. வடிகால் சீரமைப்பு நடந்திருந்தாலும் சுமை குறையவில்லை. கோட்டைவாசிகளின் பிழைப்பும் பயணிகளிடமே இருக்கிறது. அவர்களைக் குறை சொல்வது முறையல்ல. ஆனால் பயணி செய்யக்கூடியது ஒன்று உண்டு. கோட்டைக்குள் உணவும் பொருளும் வாங்கிப் பணத்தை அங்கே விடலாம். அறை மட்டும் குன்றின் கீழே ஊரில் எடுத்துத் தங்க வேண்டும்.